ஃப்ளைட் சிமுலேட்டர் கணினிக்கு எந்த இயங்குதளம்?

பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, இயங்குதளம் என்று வந்தால் பழகியதையே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல நேரம் அது சரியாகவே அமைந்துவிடும். அமையாவிட்டால், காக்பிட் பாதி எழும்பிய பிறகு ஏதோ ஒரு சுவிட்ச் பேனலுக்கு டிரைவரே (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) இல்லை என்பது தெரியவரும்.

அதனால் முதலில் ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். எந்த சிமுலேட்டர், அதில் எந்தெந்தக் கூடுதல் விமானங்கள், எந்த யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) அல்லது ஜாய்ஸ்டிக், த்ராட்டில் (எஞ்சின் விசைக்கான நெம்புகோல்), ரடர் பெடல் (கால்மிதி), பேனல்கள், தலை அசைவைப் பின்தொடரும் கருவி, விஆர் ஹெட்செட், ஆன்லைனில் பறக்கத் தேவையான மென்பொருள் எல்லாம் அதில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேராக, அதன் தயாரிப்பாளர் எந்த இயங்குதளத்துக்கு ஆதரவு தருகிறார் என்று எழுதுங்கள். பட்டியலில் ஒன்பது பொருள் லினக்ஸில் ஓடி, பத்தாவதான சின்ன ரேடியோ பேனல் விண்டோஸில் மட்டும் ஓடுமானால், அந்தப் பேனல்தான் உங்களுக்காக முடிவெடுக்கிறது. ஒன்று பேனலை மாற்றுங்கள், இல்லையென்றால் இயங்குதளத்தை மாற்றுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு இரட்டிப்பாகும்.

முதலில் சிமுலேட்டர்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024 இரண்டும் கணினியில் 64-பிட் விண்டோஸ் 10 அல்லது 11 கேட்பவை. பிரிபேர்3டி, டிசிஎஸ் வேர்ல்ட் இரண்டும் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. எக்ஸ்-பிளேன் 12 விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் மூன்றிலும் நேரடியாக ஓடும்: விண்டோஸிலும் லினக்ஸிலும் வல்கன் வழியாக, மேக்கில் மெட்டல் வழியாக (இரண்டும் கிராஃபிக்ஸ் கார்டோடு பேசும் இடைமுகங்கள்). இலவசமாகக் கிடைக்கும் திறமூல சிமுலேட்டரான ஃப்ளைட்கியரும் அப்படித்தான், மூன்றுக்கும் உண்டு.

2006-இல் வந்த மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அது 32-பிட் மென்பொருள். கணினியில் 64 ஜிபி ராம் இருந்தாலும் அதனால் 4 ஜிபிக்கு மேல் தொட முடியாது. கனமான விமானத்தை விரிவான விமான நிலையத்தில் இறக்கும்போது நினைவகம் தீர்ந்துவிட்டது என்று நின்றுபோவது இதனால்தான். எந்த இயங்குதளத்தாலும் இது தீராது.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரை லினக்ஸில் ஓட்டவே முடியாதா என்றால், முடியும். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் வழியாகப் பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் சிமுலேட்டர் திறப்பது வேறு, அதைச் சுற்றியுள்ள கருவிகள் எல்லாம் வேலை செய்வது வேறு. வெளிக்கருவிகள் சிமுலேட்டரோடு பேசுவது சிம்கனெக்ட் என்ற இடைமுகம் வழியாக. எஃப்எஸ்யுஐபிசி (கருவிகளைச் சிமுலேட்டரோடு இணைப்பது), விபைலட் (ஆன்லைனில் பறக்க உதவுவது) போன்ற மென்பொருள்கள் சிமுலேட்டர் இருக்கும் அதே புரோட்டான் சூழலுக்குள் ஓடினால்தான் இந்த இணைப்பு கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் இதைத் தனியாக அமைக்க வேண்டும், அடுத்த புதுப்பிப்பில் அது உடைந்தாலும் உதவிக்கு ஆள் இல்லை. சும்மா பறந்து பார்க்க இது போதும். சுவிட்சும் கேஜும் (வேகம், உயரம் போன்றவற்றைக் காட்டும் அளவுமானி) வைத்துக் காக்பிட் கட்டுகிறவர்கள் இந்த வழியில் போக வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

விண்டோஸ் என்றால் எந்த விண்டோஸ்?

புதிதாகக் கட்டும் கணினிக்கு விண்டோஸ் 11. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெலின் 12-ஆம் தலைமுறை முதல் வந்த, வேகமான கோர்களையும் சிக்கனமான கோர்களையும் கலந்து வைத்த பிராசசர்கள் பலவற்றில், எந்த வேலையை எந்தக் கோருக்குத் தர வேண்டும் என்பதை விண்டோஸ் 11 நன்றாகக் கையாள்கிறது. சிமுலேட்டரின் பிரதான இழை (முக்கிய வேலைத் தொடர்) ஒரே கோரில் அழுத்தமாக ஓடுவது. அது சிக்கனக் கோரில் போய் விழுந்தால் திரையில் உடனே திணறல் தெரியும்.

விண்டோஸ் 11 கேட்பது: யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய முறை), செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), ஆதரிக்கப்பட்ட பிராசசர். டிபிஎம்முக்காகத் தனிச் சில்லு வாங்க வேண்டியதில்லை. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருப்பதை இயக்கினால் போதும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்களிடம் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருளை நம்பி ஓடும் விஆர் ஹெட்செட் இருந்தால் கவனம். எச்பி ரிவெர்ப் ஜி2 இந்த வகைதான். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அந்த மென்பொருளையே மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. புது விண்டோஸை நிறுவிவிட்டு ஹெட்செட்டைச் செருகினால் ஒன்றும் நடக்காது. கேபிள் பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் இந்த வகையை வாங்கவே வேண்டாம்.

ஹோமா புரோவா? வேகத்தில் வித்தியாசம் கிடையாது. ஹோம் பதிப்பு 128 ஜிபி ராம் வரை ஏற்கும், அதற்கு மேல் சிமுலேட்டருக்குத் தேவையும் இல்லை. புரோவில் உண்மையாகவே பயன்படுவது குரூப் பாலிசி என்ற அமைப்புக் கருவி. பெரிய பதிப்புப் புதுப்பிப்புகளை 365 நாள் வரை தள்ளிப்போடலாம், அல்லது இந்தப் பதிப்பிலேயே நில் என்று கட்டிவைக்கலாம். ஹோமில் சில வாரம் நிறுத்திவைக்கத்தான் முடியும். நிறைய பேனல்களும் கருவிகளும் கோர்த்து வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றுக்காகவே புரோ தகும். மற்றவர்களுக்கு ஹோம் போதும். என் என்ற எழுத்தோடு வரும் பதிப்புகளில் ஊடகக் கூறுகள் இருக்காது, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு அவை தேவை. தெரியாமல் அதை வாங்கியிருந்தால் மீடியா ஃபீச்சர் பேக்கைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

உரிமம் வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஓஇஎம் உரிமம் (கணினி தயாரிப்பாளர்களுக்கானது) முதலில் ஏறிய மதர்போர்டோடு கட்டுண்டது. ரீடெய்ல் (சில்லறை விற்பனை) உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். மதர்போர்டை அடிக்கடி மாற்றும் பழக்கம் இருந்தால், ஓஇஎம்மில் மிச்சம்பிடித்த பணம் அடுத்த மாற்றத்தில் போய்விடும்.

லினக்ஸ் பொருந்தும் இடம்

எக்ஸ்-பிளேனோ ஃப்ளைட்கியரோ மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு லினக்ஸ் நல்ல தேர்வு. பறந்துகொண்டிருக்கும்போது தானாக மறுதொடக்கம் ஆகாது, பின்னணியில் தேவையற்றவை ஓடாது, உரிமச் செலவும் இல்லை. வாட்சிம் என்ற ஆன்லைன் வலையமைப்பில் பறக்க எக்ஸ்பைலட், பாதைத் திட்டத்துக்கு லிட்டில் நாவ்மேப், தலை அசைவுக்கு ஓப்பன்டிராக் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்புகள் உண்டு. எந்த வகை லினக்ஸ் என்று யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைப் போடுங்கள். பிரச்சினை வந்தால் தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம். என்விடியா கார்டு என்றால் அந்த நிறுவனத்தின் மூடிய டிரைவரையே நிறுவ வேண்டும், கூடவே வரும் திறமூல டிரைவரை நம்பி எக்ஸ்-பிளேனைத் திறக்காதீர்கள். ஏஎம்டி கார்டுக்கு லினக்ஸோடு வரும் மேசா என்ற திறமூல டிரைவரே போதும்.

விமானத்தையோ பிளகினையோ (சிமுலேட்டரோடு சேரும் துணை மென்பொருள்) வாங்குமுன் லினக்ஸ் ஆதரவு இருக்கிறதா என்று விவரப் பக்கத்தில் பாருங்கள். கையில் கோப்பு இருந்தால் இன்னும் எளிது. பிளகின் ஃபோல்டருக்குள் வின், மேக், லின் என்று தொடங்கும் பெயர்களில் மூன்று இயங்குதளத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். லின் இல்லையென்றால் அது ஓடாது. எக்ஸ்-பிளேனுக்கான கூடுதல் விமானங்களான டோலிஸ் ஏர்பஸ்களிலும் ஸிபோ 737-இலும் மூன்றும் உண்டு.

விமான நிலையம் போன்ற கூடுதல் காட்சிக் கோப்புகளில் வரும் தொல்லை வேறு மாதிரி. விண்டோஸ் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸ் பொருட்படுத்தும். விண்டோஸில் உருவாக்கிய விமான நிலையக் காட்சியில், கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, அதைக் குறிக்கும் வரி சிறிய எழுத்தில் இருந்தால், லினக்ஸில் அந்தக் கட்டிடம் வராது, சில நேரம் காட்சி முழுதும் ஏறாது. எக்ஸ்-பிளேனின் லாக் கோப்பைத் திறந்தால் எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கும். கோப்பின் பெயரைத் திருத்தினால் சரியாகிவிடும்.

ஜாய்ஸ்டிக்குகள் பெரும்பாலும் செருகியவுடன் தெரியும். ஆனால் அச்சுகளின் வளைவு, பட்டன்களின் அடுக்குகள், ஃபர்ம்வேர் புதுப்பிப்பு போன்றவற்றுக்கான தயாரிப்பாளரின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில்தான் கிடைக்கும். இதற்கு ஒரு வழி: அமைப்புகளைக் கருவியின் உள்நினைவகத்திலேயே சேமிக்கும் ஜாய்ஸ்டிக்காக வாங்குங்கள். ஏதாவது ஒரு விண்டோஸ் கணினியில் ஒருமுறை அமைத்துவிட்டு லினக்ஸில் செருகிக்கொள்ளலாம்.

ஆர்டுயினோ மெகா என்ற சிறு மின்னணு போர்டை வைத்துச் சொந்தமாகப் பேனல் செய்கிறவர்களுக்கு உபுண்டு 22.04-இல் ஒரு பொறி உண்டு. மலிவான போர்டுகளில் யுஎஸ்பி இணைப்புக்கு இருக்கும் சிஎச்340 சில்லை, பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று தவறாக எடுத்துக்கொண்டு பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை பிடித்துவிடும். போர்டு ஒரு கணம் தெரிந்து மறைவது இதனால்தான். பிரெய்ல் கருவி உங்களிடம் இல்லையென்றால் அந்தச் சேவையை நீக்கிவிடுங்கள். அதன் பிறகும் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் குழுவில் (இத்தகைய போர்டுகளைப் பயன்படுத்த அனுமதி உள்ள குழு) சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

மேக் பற்றிச் சுருக்கமாக: ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ள மேக் ஏற்கெனவே இருந்தால் எக்ஸ்-பிளேன் 12 அதில் நேரடியாக ஓடும். சொந்தமாகக் கட்டும் கணினியில் மேக்ஓஎஸ்ஸை ஏற்றும் முயற்சி இனி வேண்டாம். அந்த முயற்சி இன்டெல் மேக்குகளுக்கான பதிப்பை நம்பியது, ஆனால் இன்டெல் மேக்குகளை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது.

இரண்டு கணினி, இரண்டு இயங்குதளம்

காக்பிட் கட்டுகிறவர்கள் இரண்டில் ஒன்று என்ற சிக்கலில் மாட்டிக்கொள்ளத் தேவையே இல்லை. சிமுலேட்டரும் வெளிக்காட்சியும் பிரதான விண்டோஸ் கணினியில் ஓடட்டும். கேஜ் திரைகளை, கேஜ்களைத் திரையில் வரையும் ஏர் மேனேஜர் என்ற மென்பொருள் வழியாக, ஒரு ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ பழைய கணினியில் லினக்ஸ் போட்டோ ஓட்டலாம். பிரதான கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சின்னத் திரைகளின் சுமை விழாது. இரண்டையும் கம்பி வழியாக ஒரே கிகாபிட் சுவிட்சில் இணையுங்கள். வைஃபையில் ஊசி தடுமாறும், அதுவும் தரையிறங்கும்போது செயற்கைத் தொடுவானம் தடுமாறினால் எரிச்சல் தாங்காது. இணைப்பு கிடைக்கவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸ் ஃபயர்வால். வலைப்பின்னலைப் பொது என்று குறித்திருந்தால் தனிப்பட்டது என்று மாற்றுங்கள்.

ஆர்டுயினோ பேனல்களைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மோபிஃப்ளைட்டை நம்பிப் பேனல் செய்கிறீர்கள் என்றால், அதன் கனெக்டர் விண்டோஸ் மென்பொருள். அதைப் பிரதான கணினியிலேயே வையுங்கள்.

விண்டோஸை நிறுவும் வரிசை

முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள். சிஎஸ்எம்மை (பழைய பூட் முறை) அணைத்து, யுஇஎஃப்ஐ மட்டும் என்று வையுங்கள். ராம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இப்போது இயக்க வேண்டாம். நிலையற்ற ராமில் நிறுவினால் கோப்புகள் சிதைந்து ஏறும். பிழை இரண்டு மாதம் கழித்துச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தலைகாட்டும். நிறுவி முடித்தபின் எக்ஸ்எம்பியை இயக்கி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓடவிட்டுப் பார்க்கலாம்.

விண்டோஸ் போகும் எஸ்எஸ்டியைத் தவிர மற்ற டிஸ்க்குகளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸை நிறுவும் மென்பொருளான ‘நிறுவி’, கணினியை எழுப்பும் பூட் பகுதியை வேறொரு டிஸ்க்கில் வைத்துவிடக்கூடும். பிறகு அந்தப் பழைய டிஸ்க்கை எடுத்த அன்று கணினி எழாது.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் நிறுவியைத் தயாரியுங்கள். மதர்போர்டின் நெட்வொர்க் டிரைவரை இன்னொரு பென்டிரைவில் வையுங்கள். புது மதர்போர்டுகளின் வைஃபையையோ 2.5 கிகாபிட் போர்ட்டையோ நிறுவி அடையாளம் காணாமல், இணையத்தோடு இணையுங்கள் என்ற திரையில் நின்றுவிடுவது வழக்கம். அவசரத்துக்கு ஃபோனை யுஎஸ்பியில் செருகி அதன் இணையத்தைப் பகிர்ந்தாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். இன்டெல் போர்டில் எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் பயாஸில் விஎம்டி (இன்டெலின் டிஸ்க் மேலாண்மை வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைப்பது) வேண்டாமென்றால் அதை அணைத்துவிட்டு மீண்டும் நிறுவியைத் தொடங்குங்கள்.

விண்டோஸ் ஏறியதும் முதலில் சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) டிரைவர், அடுத்து கிராஃபிக்ஸ் டிரைவர். ரைசன் 7950எக்ஸ்3டி, 7900எக்ஸ்3டி போன்ற இரட்டைத் துண்டு பிராசசர்களில் இந்த வரிசை முக்கியம். பெரிய கேஷ் (பிராசசருக்குள் உள்ள அதிவேக நினைவகம்) ஒரு பாதியில் மட்டும் இருக்கிறது. சிமுலேட்டரை அந்தப் பாதிக்கு அனுப்ப சிப்செட் டிரைவர், விண்டோஸோடு வரும் கேம் பார், கேம் மோடு மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். விண்டோஸைச் சுத்தப்படுத்துகிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை ஓட்டி கேம் பாரைத் தூக்கிவிட்டால், சிமுலேட்டர் தவறான பாதிக்குப் போய் விலையுயர்ந்த பிராசசர் வீணாகும். அதே ஸ்கிரிப்டுகள் கேமிங் சர்வீசஸையும் நீக்கிவிட, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் நிறுவவோ திறக்கவோ மறுக்கும். அந்த ஸ்கிரிப்டுகளைத் தொடாதீர்கள். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி போன்ற ஒற்றைத் துண்டு பிராசசர்களில் இந்தத் தொல்லையே கிடையாது. சிமுலேட்டருக்கு அவற்றைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுவிய பின் மாற்ற வேண்டியவை

யுஎஸ்பி மின்சேமிப்புதான் சிமுலேட்டர்காரர்களின் முதல் எதிரி. நீண்ட பயணத்தில் பத்து நிமிடம் தொடாத ரடர் பெடல், இறங்கும் நேரத்தில் செத்துக்கிடக்கும். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். அதோடு டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பையும் திறந்து, மின்சக்தியைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு இதை மறுபடி பார்க்க வேண்டும்.

சீரியல் எண் இல்லாத யுஎஸ்பி கருவியை விண்டோஸ் அது செருகப்பட்ட போர்ட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. வேறு போர்ட்டில் செருகினால் அது புதுக் கருவி, பட்டன் அமைப்புகள் போய்விடலாம். ஒவ்வொரு கேபிளுக்கும் போர்ட்டுக்கும் எண் ஒட்டிவிடுங்கள். சாதனங்கள் கூடக்கூட, யுஎஸ்பி கட்டுப்படுத்தியில் போதுமான வளம் இல்லை என்ற செய்தி வரலாம். இன்னொரு ஹப் வாங்கினால் இது தீராது, அதுவும் அதே கட்டுப்படுத்தியின் கீழ்தான் வரும். சொந்தக் கட்டுப்படுத்தி உள்ள யுஎஸ்பி கார்டு ஒன்றை மதர்போர்டின் பிசிஐஇ துளையில் செருகுங்கள்.

பேஜ் ஃபைலை (ராமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் கோப்பு) அணைக்காதீர்கள். 64 ஜிபி ராம் இருக்கிறதே என்று அணைத்துவிட்டு, சிமுலேட்டர் காரணமின்றி மூடுகிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம். அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும், இடம் மட்டும் வேகமான எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் விளையாட்டு வேகம் சற்றுக் கூடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அது பாதுகாப்பு வசதி. சிமுலேட்டருக்கு மட்டுமான கணினி என்றால் அணைத்துப் பார்க்கலாம். அதே கணினியில் வங்கிக் கணக்கும் திறப்பீர்கள் என்றால் கைவைக்க வேண்டாம். ஹார்டுவேர் வழி ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) திட்டமிடலை இயக்கத்திலேயே விடுங்கள், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்ஸில் இடைக்காட்சிகளை உருவாக்கும் ஃபிரேம் ஜெனரேஷனுக்கு அது அவசியம்.

இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு 24எச்2-ஐப் புதிதாக நிறுவினால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். பின்னொரு நாள் பயாஸைப் புதுப்பிக்கும்போது டிபிஎம் அழிந்தால் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கும். சாவியை இன்றே உங்கள் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதிவையுங்கள், அல்லது குறியாக்கத்தை அணையுங்கள்.

இரண்டையும் ஒரே கணினியில் வைப்பதானால்

இரண்டு எஸ்எஸ்டி வாங்குங்கள். ஒரே டிஸ்க்கைப் பிரித்துப் பிழைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதலில் விண்டோஸ் டிஸ்க் மட்டும், பிறகு லினக்ஸ் டிஸ்க் மட்டும் என்று ஒவ்வொன்றையும் தனியாகச் செருகி நிறுவிவிட்டு, எதில் எழ வேண்டும் என்பதை பயாஸின் பூட் மெனுவில் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஷட்டவுன் செய்த பிறகும் விண்டோஸ் டிஸ்க் பாதி உறக்கத்திலேயே இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். புரோட்டானில் ஓட்டும் சிமுலேட்டரை என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) டிஸ்க்கிலிருந்து ஓட்டாதீர்கள், அதற்கென்று எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை) பகுதி ஒன்று ஒதுக்குங்கள். கடிகாரம் இரண்டிலும் வேறு நேரம் காட்டினால் அது பேட்டரிக் கோளாறு அல்ல. விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரம்). லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும். நிஜ நேரத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்பது இதைப் பொறுத்திருப்பதால் சிமுலேட்டரில் இது உடனே கண்ணில் படும்.

எல்லாம் அமைந்து, எல்லா அச்சும் பட்டனும் சரியாக இருக்கும் நாளில், எஸ்எஸ்டியின் முழு நகலை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். சிமுலேட்டர் கோப்புகள் வேறு டிஸ்க்கில் இருந்தால் இந்த நகல் சிறியதாக இருக்கும், அரை மணியில் திரும்பிவிடலாம். பிறகு அடுத்த பெரிய புதுப்பிப்பு எதைக் கெடுத்தாலும் இரவெல்லாம் உட்கார்ந்து டிரைவர் தேட வேண்டியதில்லை.